வால்வு கசிவோடு வாழ்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என் இதயத்தின் மைட்ரல் வால்வு கசிகிறது என்று தெரிந்து எட்டு வருடம் ஆகிறது. எனக்கு வயது 41. தென்காசிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ ஸ்கேன் எடுக்க உட்கார்ந்திருக்கும் வரிசையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீடுகளிலும் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கேட்டும் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

வால்வு கசிவு என்றால் இதயத்தில் ஓட்டையா?

இல்லை. இந்தக் குழப்பம் எங்கள் வீட்டிலேயே ஒரு மாதம் ஓடியது. "பிள்ளைக்கு நெஞ்சுல ஓட்டையாம்" என்று அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி அழுதார்கள். ஓட்டை என்பது இதய அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரில் வருவது, பெரும்பாலும் பிறவியிலேயே இருப்பது. வால்வு என்பது ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறதல்லவா? தண்ணீரை மேலே ஏற விடும், கீழே இறங்க விடாது. அதில் ஒரு குச்சி மாட்டிக்கொண்டாலோ உள்ளே இருக்கும் தோல் தேய்ந்துபோனாலோ, ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். இதயத்தில் அப்படி நான்கு வால்வுகள் உண்டு. அதிகம் பேசப்படுவது இடது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல். மற்ற மூன்றுக்கும் மூன்று மடல்கள், இதற்கு மட்டும் இரண்டு. கிறிஸ்தவ ஆயர்கள் தலையில் வைக்கும் இரு மடல் தொப்பிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரிலிருந்து வந்த சொல் இது. படம் பார்த்தால் பொருத்தம் தெரியும்.

கீழறை சுருங்கும்போது ரத்தம் முழுவதும் பெருந்தமனி வழியாக உடம்புக்குப் போக வேண்டும். மைட்ரல் சரியாக மூடாவிட்டால் ஒரு பங்கு மேலறைக்கே திரும்புகிறது. மேலறைக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். அதனால்தான் கோளாறு இதயத்தில் இருந்தாலும் முதலில் முறையிடுவது மூச்சாக இருக்கிறது. திரும்பிய ரத்தத்தை அடுத்த துடிப்பில் மறுபடி தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் துடிப்பு. இந்தக் கூடுதல் வேலையை இதயம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும்.

எக்கோ ரிப்போர்ட்டில் "ட்ரிவியல் எம்ஆர்" என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எம்ஆர் என்பது மைட்ரல் கசிவு. ட்ரிவியல் என்றால் மிகச் சொற்பம். நோயே இல்லாத பலருக்கும் எக்கோவில் இவ்வளவு கசிவு தெரியும். வலது பக்க வால்வில், ரிப்போர்ட்டில் டிஆர் என்று வருவதும் அப்படித்தான். வால்வின் வடிவம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுத் தூங்கலாம்.

மைல்டு, அதாவது லேசான கசிவு என்றால் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எக்கோ. மாடரேட், அதாவது நடுத்தரம் என்றால் ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. சிவியர், அதாவது கடுமையானது என்றால், உடனே ஆபரேஷன் தேவைப்படாவிட்டாலும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணையும் தேடுங்கள். இஎஃப் என்று போட்டு 60%, 65% என்று எழுதியிருப்பார்கள். கீழறையில் இருந்த ரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்ற கணக்கு. மற்றவர்களுக்கு 55 இருந்தால் நல்லது என்பார்கள். மைட்ரல் கசிவு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும், ஏனென்றால் பின்பக்கமாகக் கசிந்து போனதும் "வெளியேறியது" என்றே சேர்கிறது. ஆகவே கசிவு சிவியராக உள்ளவருக்கு இஎஃப் 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலே இதயத் தசை களைக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதேபோல, சுருங்கிய நிலையிலும் இடது கீழறையின் விட்டம் 40 மில்லிமீட்டரைத் தொட்டால் எச்சரிக்கை. "இஎஃப் நார்மல்தானே" என்று பக்கத்து வீட்டுக்காரர் தேற்றினால், எனக்கு இரண்டு வருடம் முன்னால் எவ்வளவு இருந்தது என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதனால் ஒரு ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

எனக்கு ஏன் வந்தது?

எனக்கு வந்த வழியைச் சொல்கிறேன். பதினொரு வயதில் தொண்டைப் புண் வந்து தானாகச் சரியானது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். வலது முழங்கால் வீங்கிச் சிவந்தது. நான்கு நாளில் அது சரியாகி, இடது கணுக்காலுக்கு வலி தாவியது. வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி என்று ஆச்சி பத்துப் போட்டார்கள். வலி போனது. ஆனால் அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வரும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, ஆள் அடையாளம் தெரியாமல் மூட்டையும் இதய வால்வையும் தாக்குகிறது. "மூட்டுகளை நக்கும், இதயத்தைக் கடிக்கும்" என்று மருத்துவத்தில் ஒரு பழைய வாசகம் உண்டு. எனக்கு நடந்தது அச்சாக அதுதான். மூட்டு வலி மறந்துபோய், இருபத்திரண்டு வருடம் கழித்து வால்வு கேள்வி கேட்டது.

ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால், அது கிருமியால் வந்ததா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால் நாள் கணக்கு முடியும்வரை கொடுங்கள். மூட்டு மாற்றி மூட்டு வலித்தால் அதையும் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்க்கும்போது எந்தப் பிள்ளையும் விடுபடாமல் நான் வரிசையில் நிறுத்துகிறேன்.

மற்றவர்களுக்கு வேறு காரணங்கள். மடல்கள் தொளதொளத்து மேலறைக்குள் புடைப்பது ஒன்று, அதைப் ப்ரொலாப்ஸ் என்பார்கள். மடலைப் பிடித்திருக்கும் நரம்பிழை போன்ற கயிறு அறுந்துபோவது இன்னொன்று. மாரடைப்புக்குப் பிறகு தசை பழுதாகி வரும். இதயம் பெரிதாகிக் கதவு நிலையே அகன்றுவிடுவதாலும் வரும். ரத்தத்தில் கிருமி கலந்து வால்வில் ஒட்டுவதாலும் வரும். காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை மாறுவதால், "எதனால் வந்தது?" என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அறிகுறிகள் எப்படி இருக்கும்?

புத்தகத்தில் "உழைக்கும்போது மூச்சிரைப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரி ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் ஒவ்வொரு உருவத்தில் வருகிறது.

எனக்கு அது வாசிப்பில் வந்தது. செய்யுளை இசையோடு உரக்க வாசிப்பது என் வழக்கம். நான்கு அடிகளை இரண்டு மூச்சில் முடிப்பேன். ஒரு ஜூலை மாதம், மூன்றாவது அடியின் நடுவில், சீர் முடியாத இடத்தில் மூச்சு வாங்கினேன். பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது. அடுத்த சில மாதங்களில் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லத் தொடங்கினேன். அவர்களுக்கும் பயிற்சியாக இருக்கட்டும் என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் இருமல். படுத்தால் வரும், எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். ஒரு கிளினிக்கில் வீசிங் என்று சொல்லி ஆறு மாதம் இன்ஹேலர் உறிஞ்ச வைத்தார்கள். நெஞ்சில் யாரும் சரியாகக் காது வைக்கவில்லை. ஏழாவது மாதம் வேறொரு மருத்துவர், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மார்புக்குக் கீழேயும் அப்புறம் அக்குள் பக்கமும் ஸ்டெத் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். மைட்ரல் கசிவின் இரைச்சல் அக்குள்வரை கேட்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "எக்கோ எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது கொதிக்கிறது. இருமலோ இளைப்போ மருந்துக்கு அடங்காவிட்டால், "இதயத்தையும் ஒரு தடவை பாருங்க" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

மற்ற அடையாளங்களையும் சொல்கிறேன். ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று என்று ஏறுவது. நடுராத்திரி மூச்சு முட்டி விழித்து ஜன்னலைத் தேடி ஓடுவது. சாயங்காலம் கணுக்கால் வீங்குவது. பெண்களுக்கு இது கொலுசில் தெரியும். காலையில் ஆடுகிற கொலுசு மாலையில் தடம் பதித்திருக்கும், அந்த இடத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழும்பும். இன்னொன்று அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. குடும்பத்தில் யாரும் நம்பாத அறிகுறி இதுதான், வீட்டு வேலை செய்ய வணங்கவில்லை என்பார்கள். இதயம் முன்னால் அனுப்பும் ரத்தம் குறைந்தால் கை காலுக்கு எங்கிருந்து பலம் வரும்?

சிவியர் என்கிறார்கள். எனக்கோ எந்த அறிகுறியும் இல்லை. எப்படி?

உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம். கசிவு மெதுவாகக் கூடும்போது இதயம் தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு பல வருடம் சமாளிக்கும். ஆனால் "இல்லை" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். போன இரண்டு வருடத்தில் எதையெல்லாம் செய்வதை நிறுத்தினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் எண்ணியபோது இப்படி வந்தது: மாடி வகுப்பை இன்னொரு ஆசிரியைக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையைத் தூக்கி வருவதை மகனிடம் விட்டிருந்தேன். குற்றாலத்தில் கீழே உள்ள அருவியோடு திரும்பிவிடுவேன். கோயிலில் மூன்று சுற்று ஒரு சுற்றாகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் வைத்திருந்தேன். மருத்துவர் "மூச்சு வாங்குதா?" என்று கேட்டபோது "இல்ல சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் வேலை எதையும் நான் செய்யவில்லை, அவ்வளவுதான். வால்வுக் கசிவில் நான் பார்த்தவரையில் பெரிய ஆபத்து இதுதான்: நோய் வளர வளர நாம் வாழ்க்கையைச் சுருக்கி அதற்கு இடம் கொடுத்துவிடுகிறோம்.

இந்தச் சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் கூட இருப்பவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என் விஷயத்தில் உண்மையைச் சொன்னது என் மகன்தான். "அம்மா இப்பல்லாம் பேசிக்கிட்டே நடக்க மாட்டாங்க சார், நடந்தா பேச மாட்டாங்க."

படபடப்பு வருகிறது. வால்வாலா, பயத்தாலா?

இரண்டாலும் வரும். நாடியைப் பிடித்துப் பாருங்கள். பயத்தில் வேகமாக, ஆனால் ஒரே தாளத்தில் அடிக்கும். மேலறை விரிந்து அதன் மின்னோட்டம் குலைந்தால் தாளமே இல்லாமல் அடிக்கும்: இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று காணாமல். இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். அப்படி இருக்கும்போது மேலறை சரியாகச் சுருங்காமல் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் தாளம் தவறும் படபடப்பை "டென்ஷன்" என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே ஈசிஜி எடுங்கள். வந்து வந்து போகிறதென்றால் 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிவிடுவார்கள்.

ரத்தசோகையும் தைராய்டும் இதே படபடப்பையும் இளைப்பையும் தரும், இருக்கும் கசிவின் தொல்லையையும் கூட்டும். எனக்கு ஒரு தடவை ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. அதைச் சரிசெய்ததுமே பாதி இளைப்பு போனது. எல்லாவற்றையும் வால்வின் தலையில் கட்டுவதும் தப்பு.

வாயுவாக இருக்குமோ?

நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் தொல்லையை வாயு என்று சொல்லாதீர்கள். ஓமத்தண்ணி குடிக்கலாம், ஆனால் குடித்துவிட்டு ஈசிஜி எடுக்கப் போங்கள்.

21 நாளுக்கு ஒரு முறை போடும் பெனிசிலின் ஊசியை நிறுத்தலாமா?

இது ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு மட்டும். மறுபடி தொண்டைக் கிருமி வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் காக்கிற ஊசி. பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கெட்டியான மருந்து, பெரிய ஊசி, இரண்டு நாள் உட்கார முடியாது. அந்த வலிக்காகவே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, வீட்டுக்கு நடந்தே போனால் எனக்கு வலி குறைகிறது. ஒவ்வாமை உண்டா என்று பார்த்து, போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார வைக்கிற இடத்தில் போடுங்கள்.

வால்வில் பழுது நின்றுவிட்டவர்களுக்குக் கடைசியாக வந்த காய்ச்சலிலிருந்து பத்து வருடம் அல்லது 40 வயதுவரை, இதில் எது பிந்தியதோ அதுவரை என்பது பொதுவான கணக்கு. 40 முடிந்ததும் நான் ஆசையாகக் கேட்டேன். "நீங்க தினமும் நாற்பது பிள்ளைங்க தொண்டைக்கு முன்னாடி நிக்கிறீங்களேம்மா" என்றார் மருத்துவர். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரையால் கசிவு அடையுமா?

வால்வே கெட்டுப்போயிருந்தால் அடையாது. எந்த மாத்திரையும் லேகியமும் மூலிகையும் கிழிந்த மடலைத் தைக்காது. நீர் பிரியும் மாத்திரை நுரையீரலில் தேங்கும் நீரை இறக்கி மூச்சை லேசாக்கும். ரத்த அழுத்த மாத்திரை, தாளத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எல்லாம் அவரவர் வேலையைச் செய்யும். இதயம் பெரிதாகியதால் கசிகிறவர்களுக்கு மட்டும் கதை வேறு. இதயத் தசைக்கான மருந்துகளில் இதயம் கொஞ்சம் சுருங்கி, கசிவும் குறைவதுண்டு.

என்ன சாப்பிடலாம்? நடக்கலாமா?

உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் என்று தட்டின் ஓரத்தில் ஏற்றினால் கணக்கு ஒன்றுதான். எனக்கு மோர் மிளகாயை விடத்தான் கஷ்டமாக இருந்தது.

மைல்டு, மாடரேட் உள்ளவர்கள் நன்றாக நடக்கலாம், நடக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சிவியர் உள்ளவர்கள் பாரம் தூக்கி மூச்சைப் பிடிக்கும் வேலைகளை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பல் பிடுங்கப் போகிறேன். சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து கெட்ட வால்வில் குடியேறலாம். செயற்கை வால்வு வைத்தவர்களும் முன்பே வால்வில் கிருமித் தொற்று வந்தவர்களும் பல் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாட்டிக் போட வேண்டும். வெறும் கசிவு மட்டும் உள்ளவர்களுக்கு இப்போதெல்லாம் அது கட்டாயம் இல்லை என்கிறார்கள். உங்கள் இதய மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எப்படி இருந்தாலும் இரண்டு வேளை பல் துலக்குவதும் ஈறில் ரத்தம் வந்தால் காட்டுவதும் நமக்கு இதய வைத்தியம். காரணம் தெரியாத காய்ச்சல் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால், தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாமல் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கல்யாணம், குழந்தை?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "மாப்பிள்ளை வீட்டில் சொல்லணுமா டீச்சர்?" சொல்லுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பெனிசிலின் ஊசிக்குப் போகக் காரணம் தேடித் தேடி, கடைசியில் ஊசியையே விட்டுவிட்டாள்.

கர்ப்ப காலத்தில் உடம்பின் ரத்த அளவு பாதிக்கு நெருக்கமாகக் கூடும். அந்தப் பாரத்தை இதயம்தான் சுமக்க வேண்டும். கீழறை பலமாக இருந்தால் கசிவைப் பலர் நல்லபடியாகத் தாங்கிப் பிள்ளை பெறுகிறார்கள். நானும் பெற்றிருக்கிறேன், அப்போது எனக்குக் கசிவு இருப்பதே தெரியாது. வால்வு சுருங்கிப்போன நோய் இதைவிட ஆபத்து, ருமாட்டிக் காய்ச்சலில் இரண்டும் சேர்ந்தும் வரும். ஆகவே கரு உண்டாவதற்கு முன்பே எக்கோ எடுத்து இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்ப்பது முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்கும் வார்ஃபரின் மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் கருவைப் பாதிக்கும். நாள் தள்ளிப்போனதும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அது உயிராபத்து. அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

ஆபரேஷன் எப்போது? பழுது பார்ப்பார்களா, மாற்றுவார்களா?

கசிவு சிவியராகி, கூடவே அறிகுறியும் இருந்தால் ஆபரேஷன் பேச்சு வரும். அறிகுறி இல்லாவிட்டாலும் நான் மேலே சொன்ன 60, 40 கணக்குகள் வந்துவிட்டால் பேச்சு வரும். "முடியாதப்போ பார்த்துக்கலாம்" என்று இருப்பதுதான் தப்பு. தசை தளர்ந்தபிறகு வால்வைச் சரிசெய்தாலும் இதயம் பழைய நிலைக்கு வராமல் போகலாம்.

முடிந்தவரை நம் சொந்த வால்வைப் பழுது பார்ப்பது நல்லது. ப்ரொலாப்ஸ் உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் நன்றாக அமையும். ருமாட்டிக் வால்வு தடித்துச் சுருண்டிருப்பதால் மாற்ற வேண்டியதாகிவிடுவது அதிகம். மாற்று வால்வு இரண்டு வகை. உலோகம் முதலியவற்றால் செய்தது பல காலம் உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் அந்த எண் பொதுவாக 2.5 முதல் 3.5க்குள் நிற்க வேண்டும். கீரையை விட வேண்டியதில்லை, வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதை ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றும் இல்லை என்றால் எண் ஆடும். மாட்டின் அல்லது பன்றியின் திசுவால் செய்த வால்வுக்கு ஆயுள் முழுக்க அந்த மாத்திரை தேவைப்படாது, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும். இளம் வயதில் இன்னும் சீக்கிரம் தேயும்.

நம் பக்கத்தில் செய்த வால்வும் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல வருடம் உழைத்து உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு அது வழி திறந்தது. அதை வைத்துக்கொண்ட ஓர் அண்ணனை எக்கோ வரிசையில் சந்தித்தேன். காதை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கடிகாரம் மாதிரிக் கேட்டது. "இந்தச் சத்தம் கேட்டாத்தாம்மா எனக்குத் தூக்கமே வருது" என்றார்.

நெஞ்சைத் திறக்க முடியாத அளவுக்கு வயதோ வேறு நோயோ உள்ளவர்களில் சிலருக்கு, தொடை வழியாகக் குழாய் விட்டு இரு மடல்களையும் நடுவில் கிளிப் போட்டுச் சேர்க்கும் முறையும் வந்திருக்கிறது. செலவு மிக அதிகம், எல்லா வால்வுக்கும் பொருந்தாது.

செலவுக்கு?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு ஆபரேஷன் உண்டு. தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஆபரேஷன் தேதி வந்தபிறகு ஓடாமல் கார்டை இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

திடீரென்று மூச்சு முட்டி, படுக்கவே முடியாமல், நுரையாகவோ ரத்தம் கலந்தோ சளி வந்தால். நெஞ்சு வலி, மயக்கம் வந்தால். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால். இவற்றில் எது வந்தாலும் 108. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வால்வைப் பிடித்திருக்கும் கயிறு சட்டென்று அறுந்தால் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஆளைப் படுக்கவைக்காமல் உட்கார்த்திக் கூட்டிப் போங்கள். இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினாலோ, தலையணை ஒன்று கூடினாலோ, அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

டாக்டர் ஐந்து நிமிடம்தான் பார்க்கிறார். எப்படிச் சொல்வது?

எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைகளின் பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றை இதற்கென்று வைத்திருக்கிறேன். "ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. எவ்வளவு தூரம், எத்தனை படி, எத்தனை தலையணை, போன முறையைவிடக் கூடவா குறைவா என்று எண்ணாகச் சொன்னால் உடனே நிமிர்ந்து பார்ப்பார்.

போன முறை கொண்டுபோன பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்:

ஜூன் 9: மாடிப்படி 32. நிற்காமல் ஏறினேன். மேலே போய் ஒரு நிமிடம் பேச முடியவில்லை.
ஜூன் 23: அதே படி. 20வது படியில் நின்றேன்.
ஜூலை 2: தலையணை 2. இருமல் இல்லை.
ஜூலை 14: நாடி 96, தாளம் சரி. முந்தின இரவு தூக்கம் இல்லை, தேர்வுத் தாள் திருத்தினேன்.
ஜூலை 20: கொலுசுத் தடம் இல்லை. எடை 58.
ஜூலை 28: நான்கு அடி, மூன்று மூச்சு.

மருத்துவர் கடைசி வரியில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். விளக்கினேன். "அடுத்த தடவையும் இதை எழுதிட்டு வாங்க" என்று சொல்லி, எக்கோவை ஒரு வருடத்திலிருந்து ஆறு மாதத்துக்கு முன்னால் இழுத்தார்.